கோபக்காரி என்று பெயர் வாங்கிய ஒரு மேற்பார்வையாளர்: போடி ஏலக்காய் குடோனில் ஒரு நிகழ்வு ஆய்வு

தேனி மாவட்டத்தில் சின்னச் சின்னத் தொழிலிடங்களுக்குப் போய் மனநல ஆலோசனை செய்வது என் வேலை. அப்படிப் போன ஒரு குடோனில் ஒரு சீசன் முழுக்க நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்ட பெண்ணுக்கு இதை முழுதாகப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. வேலையிடத்தில் ஒருவருடைய உணர்ச்சியைப் "பிரச்சினை" என்று எழுதி வைப்பதற்கு முன்னால் என்னென்ன பார்க்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு இது உதவும்.

பின்னணி

ஏலக்காய் பெரும்பாலும் மலைக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் விளைகிறது. உடும்பன்சோலை, சாந்தன்பாறை, வண்டன்மேடு என்று எல்லையை ஒட்டிய தோட்டங்களில் பாடுபடுகிறவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். விடியற்காலையில் ஜீப்பில் ஏறிப் போய்ப் பொழுது சாயத் திரும்பும் பெண்கள் போடி, தேவாரம், கம்பம் பக்கமெல்லாம் உண்டு. பறித்த காயைத் தோட்டத்து ஸ்டோரிலேயே காயவைத்து மூட்டை கட்டுகிறார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ நிற்கும். ஏலம் நடப்பது ஸ்பைசஸ் போர்டின் (நறுமணப் பொருள் வாரியத்தின்) இரண்டு மையங்களில்: மேலே புற்றடி, கீழே போடிநாயக்கனூர். ஏலத்தில் எடுத்த காய் போடி குடோன்களுக்கு வந்து தரம் பிரிகிறது.

சல்லடையில் எட்டு எம்எம், ஏழு எம்எம் என்று அளவு பிரிந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். இலைப்பேன் பூச்சி கடித்த சொறிக்காய், வெடிப்புக்காய், வெளுத்த காய் எல்லாவற்றையும் கையால் பொறுக்கி ஒதுக்க வேண்டும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் பரப்பிப் பார்ப்பார்கள். விரல் வேகம் வேண்டும்தான், ஆனால் முதலில் இது கண் வேலை.

இந்த ஆய்வுக்குரியவர் 49 வயதுப் பெண். குடோனில் எல்லோருக்கும் "அக்கா". நானும் அப்படியே அழைத்தேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் மலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது இடுக்கித் தோட்டங்களிலிருந்து பல தமிழ்க் குடும்பங்கள் அவசரமாகக் கீழே இறங்கி வந்தன. சிலர் காட்டுப் பாதையில் நடந்தே வந்தார்கள். அக்காவின் குடும்பமும் அதில் ஒன்று. கணவர் சில மாதம் கழித்து அதே தோட்டத்துக்குத் திரும்பிப் போனார், இன்றும் அங்கேதான் வேலை, ஞாயிறு மட்டும் வீடு. அக்கா திரும்பிப் போகவில்லை. தோட்டத்து ஸ்டோரில் காய் பார்த்துப் பழகிய கை என்பதால் போடியில் உடனே வேலை கிடைத்தது. சில வருஷத்தில் மேற்பார்வையாளர் ஆனார்.

விலைக் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும், பின்னால் நடந்ததற்கு அதுவே அடிப்படை. 2018 வெள்ளத்தில் தோட்டங்கள் அடிவாங்கி வரத்துக் குறைந்ததால், 2019 ஆகஸ்ட் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அதைப் பார்த்து எல்லோரும் பயிரைக் கூட்டினார்கள். 2022 வாக்கில் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே வந்தது. விலை விழுந்ததும் குடோன்காரர்களுக்குக் கூலிச் செலவு கண்ணில் குத்த ஆரம்பித்தது. இந்தக் குடோன் முதலாளி, கேமராவில் நிறம் பார்த்து ஆகாத காயைக் காற்றால் ஊதித் தள்ளும் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். அதை ஓட்ட, கம்ப்யூட்டர் படித்த ஒரு பையனையும் அமர்த்தினார். குடோனில் அவர் பெயர் "மெஷின் தம்பி". கையால் பிரிக்கும் பெண்கள் முழுதாக நிறுத்தப்படவில்லை. மெஷின் தள்ளியதைத் திரும்பப் பார்ப்பதும், மெஷின் விட்டதைப் பிடிப்பதும் அவர்களுடைய வேலையாயிற்று. அக்கா அவர்களுக்கு மேற்பார்வை.

அழைத்த காரணம்

ஆவணியில், காய் வரத்து கூடத் தொடங்கிய நேரத்தில், முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் சொன்னது சுருக்கமாக இது: அக்கா முன்பெல்லாம் இப்படி இல்லை, போன சீசனிலிருந்து எடுத்ததற்கெல்லாம் கத்துகிறார், சின்னப் பெண்கள் மூன்று பேர் அடுத்தடுத்து நின்றுவிட்டார்கள். "நல்ல ஆளுங்க, விட மனசில்ல. நீங்க உட்கார வச்சு ரெண்டு புத்தி சொன்னீங்கன்னா கேப்பாங்க." கோயம்புத்தூரில் படிக்கும் அவர் மகள் "பர்ன் அவுட்டா இருக்கும்ப்பா" என்று சொல்லியிருந்தார்.

புத்தி சொல்ல வரமாட்டேன் என்று சொன்னேன். அக்கா என்னிடம் பேசுவது முதலாளி காதுக்குப் போகாது என்பதையும், அவருக்குப் பேச விருப்பமில்லை என்றால் அத்தோடு நிறுத்திக்கொள்வேன் என்பதையும் நிபந்தனையாக வைத்தேன். முதலாளிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சரி என்றார்.

மகள் சொன்ன வார்த்தையை நான் தள்ளிவிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அதைத் தன் நோய்ப் பட்டியல் ஏட்டில், நோயாக அல்ல, வேலையோடு சம்பந்தப்பட்ட ஒரு நிலையாகச் சேர்த்தது. மூன்று அடையாளம் சொல்கிறது: ஓய்ந்து போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது அதன் மேல் கசப்பு வருவது, வேலைத்திறன் குறைவது. இதில் நடுவில் இருப்பதுதான் அக்காவிடம் கொஞ்சமும் பொருந்தவில்லை. வேலையிலிருந்து விலகியவர் அப்படிக் கத்தமாட்டார். ஒரு சொறிக்காய் நல்ல காயோடு போய்விட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

குடோனில் பார்த்தது

பேசுவதற்கு முன்னால் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன். அக்காவே முறத்தை என் பக்கம் தள்ளி, "சும்மா ஏன் உட்காரணும், பொறுக்குங்க" என்றார். அப்படியே பொறுக்கிக்கொண்டே பார்த்தேன்.

முதலாளி நினைத்தது, வேலை மும்முரத்தில்தான் கோபம் வருகிறது என்று. நான் பார்த்தவரை அப்படி இல்லை. லாரியில் மூட்டை வந்து குவிந்த நாளில் அக்கா உற்சாகமாக இருந்தார், பாட்டுகூட முணுமுணுத்தார். சத்தம் கூடியது இரண்டு நேரங்களில். ஒன்று, மெஷின் தம்பி திரையைப் பார்த்து ஆகாத காய் எத்தனை சதவீதம் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லும்போது. இன்னொன்று, மேகம் மூடிய பின்மதியங்களில். மேற்கே மலை இருப்பதால் போடியில் மழைக்கால வெளிச்சம் சீக்கிரம் மங்கிவிடும். அந்த நேரத்தில் அக்கா ஒரு பெண்ணின் முறத்தைப் பிடுங்கி, வாசலுக்குக் கொண்டுபோய், கையை முழுதாக நீட்டி வைத்துப் பார்த்துவிட்டு வந்து திட்டுவார். திட்டு பெரும்பாலும் ஒரே வகை: "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

கையை நீட்டி வைத்துப் பார்த்ததை நான் குறித்துக்கொண்டேன்.

திட்டிய பிறகு அவர் செய்வதையும் பார்த்தேன். கத்தி முடித்தவர்கள் பொதுவாகக் கொஞ்சம் தளர்ந்து உட்காருவார்கள். இவர் போய்க் கழித்த காய்க் குவியலைத் தனியாகக் கிளறிக்கொண்டிருந்தார், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து.

பெண்களிடமும் பேசினேன். "அக்கா கெட்டவங்க இல்ல, ஆனா எப்ப வெடிக்கும்னு தெரியாது" என்று ஒரு பெண் சொன்னார். மற்றவர்கள் சொன்னதும் அதுவேதான். மெஷின் தம்பிக்கு அக்கா மேல் பயம். மெஷின் மேல் அக்காவுக்கு வெறுப்பு என்று அவர் நம்பினார்.

அவர் சொன்னது

முதல் பேச்சு குடோனுக்குப் பின்னால், சாக்கு அடுக்கிய இடத்தில் நடந்தது. அக்கா நேரடியாகக் கேட்டார்: "ஏம்மா, எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு சொன்னாங்களா?" இல்லை என்றேன். சோர்வு, தூக்கம், பசி, ஆர்வமின்மை பற்றி வழக்கமாகக் கேட்கும் ஒன்பது கேள்விகளையும் கேட்டுப் பார்த்தேன். மனச்சோர்வுக்கு மேற்கொண்டு சிகிச்சை யோசிக்க வேண்டிய அளவுக்குக் கீழேதான் இருந்தது. தூக்கம் மட்டும் கெட்டிருந்தது, இரவில் வியர்த்து விழிப்பு வருகிறது என்றார். அந்த வயதில் மாதவிலக்கு நிற்கும் கட்டத்தில் அது சகஜம், என்றாலும் ரத்தசோகையும் தைராய்டும் எரிச்சலைக் கூட்டக்கூடியவை. அரசு மருத்துவமனையில் பார்க்கச் சொன்னேன். ரத்தம் குறைவாக இருந்தது, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். தைராய்டில் ஒன்றும் இல்லை.

"கோபம் வருது, அவ்வளவுதான்" என்பதைத் தாண்டி முதலில் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. கோபம் வரும்போது உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "வயித்துல. அடிவயிறு கலங்கும்" என்றார். உடம்பில் தெரிவதை வைத்து இன்ன உணர்ச்சிதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அடிவயிறு கலங்குகிறது என்று நம் ஊரில் யாரும் கோபத்துக்குச் சொல்லி நான் கேட்டதில்லை, பயத்துக்குத்தான் சொல்வார்கள். எதைப் பற்றிப் பயம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "எனக்கென்ன பயம்" என்று முடிந்திருக்கும்.

திருப்பூரில் இருக்கும் மகன் போனில் "வேலைய விட்டுட்டு வாம்மா, வீட்ல இரு" என்கிறானாம். "பெத்த புள்ள இப்படிக் கேட்டா சந்தோஷம் வரணும். எனக்கு வயித்தெரிச்சல்தான் வருது. ஏன்னு தெரியல." இதை அவர் போகிறபோக்கில் சொன்னார். எனக்கு அதுதான் அன்றைக்கு முக்கியமாகப் பட்டது.

மூன்று டப்பா

இந்த இடத்தில் வழக்கமாக ஆலோசகர்கள் மூச்சுப் பயிற்சி, பத்து வரை எண்ணுவது என்று ஆரம்பிப்பார்கள். அவற்றில் தப்பில்லை. நான் வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். உணர்ச்சியை வெளியில் காட்டாமல் அமுக்குவது பற்றி அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1990-களிலிருந்து செய்த ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டின: அமுக்கினால் முகம் அடங்கும், உள்ளே இருப்பது அடங்காது, உடம்பின் படபடப்பு கூடக்கூடச் செய்யும். அக்காவைச் சத்தமில்லாமல் ஆக்குவது முதலாளிக்குப் போதும். அக்காவுக்குப் போதாது.

அவர் எழுதப் படிக்கச் சிரமப்படுபவர், நோட்டுப் போடச் சொல்ல முடியாது. "காயை மொத்தமா ஒரே மூட்டையில கட்டுவீங்களாக்கா? இதையும் பிரிச்சுப் பாப்போம்" என்றேன். சிரித்துவிட்டார். வீட்டில் மூன்று டப்பா வைத்தோம். கோபத்துக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று, கூசிப்போவதற்கு ஒன்று. ராத்திரி சாப்பிட்ட பிறகு அன்றைக்குக் கத்திய ஒவ்வொரு நேரத்தையும் நினைத்துப் பார்த்து, எது மேலே இருந்தது என்று தோன்றுகிறதோ அந்த டப்பாவில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். தீர்மானிக்க முடியாவிட்டால் எதிலும் போட வேண்டாம்.

கூசிப்போவதை ஏன் சேர்த்தேன் என்றால், யாரும் பார்க்காமல் கழித்த காயைக் கிளறியதைப் பார்த்ததால். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம் சொல்கிறது. அதில் இளிவரலுக்கு, அதாவது தன்னைத் தாழ்வாக உணர்ந்து கூசுவதற்கு, சொல்லும் நான்கு: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, சொல்பவை வேறு, எல்லாம் பிறர் நமக்குச் செய்யும் கேடுகள். அக்காவுக்கு யார் என்ன கேடு செய்தார் என்று தேடிப் பார்த்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. மூப்பு கிடைத்தது.

ஒரு வாரம் கழித்து டப்பாக்களைக் கொண்டுவந்தார். கோப டப்பாவில் அடியில் கொஞ்சம். மற்ற இரண்டிலும்தான் பெரும்பகுதி. அக்கா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தானாகச் சொன்னார்: "காயே சரியாத் தெரிய மாட்டேங்குதும்மா. ஒரு வருஷமாச்சு."

வெள்ளெழுத்து, கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது. நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வருவது. அவருக்குத் தெரியாததல்ல. கண்ணாடி போட்டால் "கண்ணு போச்சு, மெஷின் இருக்கு, அக்கா எதுக்கு" என்று ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார். சொறிக்காய் எந்தப் பெண் விட்டது, தான் விட்டது எது என்று அவருக்கே நிச்சயமில்லை. மெஷின் தம்பி சதவீதம் சொல்லும்போதெல்லாம் தன் குட்டு வெளிப்படப் போகிறது என்று அடிவயிறு கலங்கும். அந்த நொடியில் பக்கத்தில் இருக்கும் பெண் மேல் பாய்வார். மகன் "வீட்ல இரு" என்றால் அதிலும் கேட்பது அதே செய்திதான். 2011-ல் ஒரே ராத்திரியில் இருந்த இடத்தை விட்டு இறங்கி வந்தவருக்கு, இருக்கும் இடம் போய்விடும் என்ற எண்ணம் வெறும் கற்பனையாக இருக்க முடியாது. இதை அவர் சொல்லவில்லை, நான் அப்படிப் புரிந்துகொண்டேன்.

உணர்ச்சிக்குப் பொருத்தமான பெயர் கொடுத்தாலே அதன் வேகம் தணியும் என்பதற்கு மூளைப் படங்களோடு ஆய்வுகள் உண்டு, மேத்யூ லீபர்மன் குழுவின் 2007 ஆய்வு அதில் பலரும் அறிந்தது. அக்காவிடமும் கொஞ்சம் தணிந்தது. ஆனால் பெயர் கொடுத்தால் கண் தெரிந்துவிடாது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு கண் பரிசோதனை. அக்காவை மட்டும் அனுப்பினால் அவர் பயந்தது நடந்துவிடும், அதனால் குடோனில் நாற்பது தாண்டிய எல்லோருக்கும் பார்க்கலாம் என்று முதலாளியிடம் கேட்டேன். காரணம் சொல்ல முடியாது, அக்காவின் பேச்சு வெளியே போகக் கூடாது. நல்லவேளையாகச் சொல்ல வேறு ஆதாரம் இருந்தது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளர்களை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்தது. சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்த குழுவின் பறிப்பு, கொடுக்காத குழுவை விட ஏறக்குறைய 22 சதவீதம் கூடியது. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் இன்னும் அதிகம். முதலாளி கணக்குப் போடுகிறவர், உடனே ஒத்துக்கொண்டார். பரிசோதித்ததில் அக்காவோடு இன்னும் பாதிப் பேருக்குமேல் கண்ணாடி தேவைப்பட்டது. விலை ஆளுக்குச் சில நூறு ரூபாய், முதலாளி கொடுத்தார்.

இரண்டாவது, சதவீதத்தைச் சத்தமாகச் சொல்லும் வழக்கத்தை நிறுத்துவது. மெஷின் தம்பி அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, முதலாளி கேட்டதால் சொன்னார். இனிமேல் துண்டுச் சீட்டில் எழுதி அக்கா கையில் கொடுக்கட்டும் என்றேன். அன்றே நடந்தது. மொத்த வேலையிலும் இதுதான் செலவில்லாதது, பலனில் முதல் இடம் பிடித்தது.

மூன்றாவதற்குத்தான் இழுபறி. நிறம் பார்க்கும் மெஷினுக்கு எது நல்லது, எது ஆகாதது என்று மாதிரிக் காய் காட்டி அமைக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டத்துக் காயும் ஒவ்வொரு பச்சை. மெஷின் தம்பி கையில் கிடைத்ததைக் காட்டி அமைத்துக்கொண்டிருந்தார், அதனால்தான் நல்ல காயும் சேர்ந்து வெளியே விழுந்தது. காலையில் மெஷின் ஓடும் முன் அக்கா மாதிரி எடுத்துக் கொடுக்கட்டும், புதிதாக வரும் பெண்களுக்குக் காய் பார்க்கவும் அவரே சொல்லிக் கொடுக்கட்டும் என்று நான் கேட்டேன். "அந்த நேரத்துல மேற்பார்வைய யார் பாக்குறது?" என்று முதலாளி மறுத்தார். ஒரு வாரம் பார்க்கலாம் என்று முடிவானது.

இதை வலியுறுத்தக் காரணம் இருந்தது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இருவரும் பல பத்தாண்டு ஆய்ந்து சொன்னது, மனுஷனுக்கு வேலையில் மூன்று தேவை என்று: தன் விருப்பத்துக்குக் கொஞ்சம் இடம், தனக்கு ஒன்று நன்றாக வருகிறது என்ற நிச்சயம், பிறரோடு ஒட்டுதல். அக்காவுக்கு மெஷின் வந்த நாளிலிருந்து மூன்றும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கண்ணாடி நடுவிலிருப்பதை மட்டும் திருப்பிக் கொடுக்கும்.

மூச்சுப் பயிற்சியை இதற்கெல்லாம் பிறகு சொல்லிக் கொடுத்தேன். மனசு தாங்காத ராத்திரியில் பேச, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அவர் போனில் சேமித்தும் கொடுத்தேன். அவர் கூப்பிட்டாரா என்று நான் கேட்டதில்லை.

பின்னால் நடந்தது

கண்ணாடி வந்த முதல் நாள் அக்கா அதைப் பையிலேயே வைத்திருந்தார். இன்னும் நான்கைந்து பெண்கள் போட்டுக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி "டீச்சரம்மா" என்று கிண்டல் செய்து சிரித்த பிறகுதான் எடுத்துப் போட்டார். முறத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "அடி ஆத்தி, இவ்வளவு சொறியா இருந்துச்சு?" என்று கேட்டதாகப் பெண்கள் சொன்னார்கள்.

ஐப்பசிக்குள் வாசலுக்கு ஓடுவது நின்றது. கத்துவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. டப்பா வைப்பதைத் தொடர்ந்தார். இப்போது கோப டப்பாவில் விழுந்தவற்றைப் பேசிப் பார்த்ததில் பெரும்பாலானவை நியாயமான கோபம்: கழிப்பறைக் கதவு உடைந்து கிடந்தது, தீபாவளிக்கு முந்தைய வாரம் பெண்களை இருட்டும்வரை நிறுத்தி வைத்தது, இப்படி. அவற்றைத் தணிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலாளியிடம் சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்று பேசினோம். கதவு சரியாயிற்று. வேலை நேரம் பாதிதான் சரியாயிற்று.

மெஷின் தம்பியோடு உறவு நான் எதிர்பார்க்காத பக்கம் போனது. ஒரு வாரச் சோதனை முடிந்ததும் தம்பியே முதலாளியிடம் போய், அக்கா எடுத்துக் கொடுக்கும் மாதிரியில் நல்ல காய் வீணாவது குறைகிறது என்று சொல்லிவிட்டார். அக்காவுக்குத் திரையைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். எண்கள் அக்காவுக்குத் தெரியும், போதும்.

நின்றுபோன மூன்று பெண்களில் ஒருவர் திரும்பி வந்தார். அக்கா வீடு தேடிப் போய்க் கூப்பிட்டிருக்கிறார், என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லவில்லை. இன்னொருவர் வேறு குடோனில் சேர்ந்துவிட்டார். மூன்றாமவர் வர மறுத்துவிட்டார், எல்லோர் முன்னாலும் வாங்கிய திட்டை அவர் மறக்கவில்லை. அக்காவின் பயத்துக்குக் காரணம் இருந்தது என்பது அந்தப் பெண்ணுக்கு ஈடாகாது. இதை அக்காவிடமும் சொன்னேன், அவர் மறுக்கவில்லை.

சந்தோஷத்தைப் பற்றி ஒரு விஷயம் பதிவு செய்ய வேண்டும். கார்த்திகையில், நாள் முடிவில் "இன்னைக்கு நல்லா இருந்துச்சு" என்று தோன்றினால் நான்காவது டப்பாவில் கொட்டை போடச் சொன்னேன், அந்த நாளில் என்ன நடந்தது என்று பிறகு பேசுவோம். தீபாவளி போனஸ் வந்தபோது எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, நன்றாகத்தான் இருந்தது, கடன் அடைத்தேன், நாலு நாளில் மறந்துவிட்டது என்றார். டப்பா நிரம்பியது வேறு நாட்களில். தான் பார்த்து அனுப்பிய காய் திரும்பி வராத நாள். புதுப் பெண் முதல் தடவை கேட்காமலே வெடிப்புக்காயைப் பிடித்த நாள். கணவர் சனிக்கிழமையே மலையிறங்கி வந்துவிட்ட நாள். பணத்தால் சந்தோஷம் வராது என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். கடன் இருந்தவரை அவருக்குத் தூக்கமே இல்லை, அதை அடைத்தது போனஸ்தான். தொழிலிடங்களில் சுவரில் ஒட்டும் "சிரித்துக்கொண்டே வேலை செய்வோம்" வகைத் தாள்கள் மேல் எனக்கு உள்ள எரிச்சல் இங்கேதான். சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் சிரிக்கச் சொல்கிறார்கள்.

மகன் பொங்கலுக்கு வந்தபோது அக்கா அவனைக் குடோனுக்குக் கூட்டிப்போய், மெஷினுக்கு மாதிரி எடுப்பதைக் காட்டினார். வேலையை விடச் சொல்வதை அவன் நிறுத்தவில்லை. "முன்ன மாதிரி எரியல" என்று மட்டும் அக்கா சொன்னார்.

அடுத்த முறை

இதே போல இன்னொரு குடோனில் கூப்பிட்டால், பேச்சு தொடங்கும் முன்பே நாற்பது தாண்டியவர்களுக்குக் கண் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை இரண்டையும் நிபந்தனையாக வைப்பேன். கண்ணாடி வந்த பிறகு எவ்வளவு பேச்சு தேவைப்படுகிறது என்று அப்போதுதான் தெரியும். திட்டு வாங்கியவர்களோடு தனியாகப் பேசும் நேரத்தையும் ஆரம்பத்திலேயே ஒதுக்குவேன். இந்த நிகழ்வில் கவனம் முழுக்க அக்கா மேல் இருந்தது, அழைத்தவரும் அதைத்தான் கேட்டார். விட்டுப்போன பெண்கள் கணக்கில் வந்தது பிந்தி.

சொல்லிக் கொடுக்கும் வேலைக்கு என்ன கூலி என்பதை வேலையை மாற்றும் அன்றே பேசி முடிக்க வேண்டும். இங்கே அது பேசாமல் விடப்பட்டது. அக்கா இன்றும் பழைய மேற்பார்வைக் கூலியிலேயே காலை வேலையையும் சேர்த்துச் செய்கிறார். வரும் சீசனில் முதலாளி இரண்டாவது மெஷின் போடப்போகிறார். கண் பரிசோதனையை ஒவ்வொரு ஆடியிலும் நடத்த ஒத்துக்கொண்டிருக்கிறார். கூலியைப் பற்றி, கையால் பிரிக்கும் பெண்கள் எத்தனை பேர் நீடிப்பார்கள் என்பதைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. அதைக் கேட்பதற்கு அக்கா நாள் குறித்து வைத்திருக்கிறார், கூட வர மெஷின் தம்பியும் சம்மதித்திருக்கிறார்.